மலைப்பாதையில் ஓர் அதிசய வண்டி

ஹட்டன் மாணிக்கப் பிள்ளையார் கோயில் வாசலில் புதிய வாகனங்களுக்குப் பூசை நடைபெறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். லொறி வரும், வான் வரும், கடன்பட்டு வாங்கிய முச்சக்கர வண்டி மாலை சூடிக்கொண்டு வரும். குருக்கள் கர்ப்பூரம் காட்டிச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார். வண்டி அதை நசுக்கிக்கொண்டு புறப்படும். ஆனால், 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், புத்தாண்டு கழிந்த சில நாட்களின் பின் ஒரு காலையில் அங்கு வந்து நின்ற வண்டியைக் கண்டு குருக்களே ஒரு கணம் தயங்கிவிட்டார்.

அது நீல நிறமான ஒரு மோட்டார் சைக்கிள். பின்சக்கரத்தின் டயர் மட்டும் ஏறக்குறைய ஒரு சாண் அகலம். முகப்பிலே முள் சுழலும் வேகமானி இல்லை; அதற்குப் பதிலாக ஒரு வண்ணத் திரை. சாவியைத் திருப்பியதும் அத்திரையில் எழுத்துக்களும் கோடுகளும் ஓடின. வாசலில் நின்ற சிறுவர்கள் கைதட்டினார்கள். “இதற்கு ஓர் எலுமிச்சம்பழம் போதுமா?” என்று குருக்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்.

வண்டியின் சொந்தக்காரர் என்னிடம் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்த மாணவர். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்திற் பிறந்து, படித்து, பொறியியலாளராகி, இப்போது கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறார். வசந்த காலக் கொண்டாட்டங்களைக் காண நண்பர் ஒருவருடன் நுவரெலியாவுக்குச் செல்லும் வழியில் என்னைத் தேடி வந்திருந்தார். “சேர், நீங்களும் வரவேண்டும். இந்த வண்டி முழுவதும் நீங்கள் படிப்பித்த பௌதிகந்தான்!” என்றார்.

நான் உடனே இணங்கவில்லை. என் மகன் உயர்தரம் படிக்கிறான். ஒரு வருடமாக மோட்டார் சைக்கிள் வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நானும் ஒரு வருடமாக மறுத்துக்கொண்டிருக்கிறேன். மறுப்பதற்கு எங்கள் வீட்டிலே ஒரு காரணம் உண்டு; அதைப் பின்னர் சொல்கிறேன். அவனுடைய கண்கள் அந்த நீல வண்டியை விட்டு அகலாதிருப்பதைக் கண்டதும், ‘இவனையும் கூட்டிக்கொண்டு போவோம்; நல்லது கெட்டது இரண்டையும் பார்க்கட்டும்’ என்று தீர்மானித்தேன். என்னுடைய பழைய 100 ஸீ.ஸீ. வண்டியில் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

காதுக்கு வேலை இல்லை

முதலில் ஹட்டனிலேயே ஒரு கராச்சில் நின்றோம். நண்பரின் வண்டிக்குச் சங்கிலி இறுக்கவேண்டியிருந்தது. அவர் வைத்திருந்தது 400 ஸீ.ஸீ. பழைய ஜப்பானிய வண்டி, காபரேற்றர் பூட்டியது.

அந்தக் கராச்சுக்காரருக்கு எழுபது வயது இருக்கும். அவருடைய தகப்பனார் வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்து வாகனங்களைத் திருத்தியவர். அக்காலத்தில் பெரிய துரைக்கு மோட்டார் கார். சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள். பீ.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரையம்ப் என்ற பெயர்களை இந்த முதியவர் சொந்தக்காரர் பெயர்களைப் போலச் சொல்கிறார். ஸ்குறூ ட்றைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, அதன் பிடியைக் காதோடு சேர்த்து, உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வித்தை தகப்பனாரிடமிருந்து அவருக்கு வந்தது.

நீல வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இது பழுதானால் எப்படித் தெரியும், தம்பி?” என்று கேட்டார்.

“கணினியைப் பூட்டினால் எங்கே பிழை என்று அதுவே ஒரு குறி காட்டும், ஐயா.”

“குறி சொல்லுமா? அப்போ நம்ம கோடாங்கி மாதிரின்னு சொல்லுங்க!” என்று முதியவர் நகைத்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதிலே என் காதுக்கு வேலை இல்லே” என்றார்.

அந்த வார்த்தையில் மனத்தாங்கலும் இருந்தது, உண்மையும் இருந்தது.

வண்டிக்குள் என்ன இருக்கிறது?

கொட்டகலையைத் தாண்டிப் பத்தனைச் சந்தியை அடைந்தோம். சிறிது தூரத்தில் டெவன் நீர்வீழ்ச்சி பாறையில் வெண்பட்டை விரித்தாற்போல் தெரிந்தது. கோப்பிக் காலத்துத் தோட்டக்காரர் ஒருவரின் பெயர் அதற்கு. கோப்பி அழிந்து, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலை இம்மலைகளையெல்லாம் மூடியது. பெயர் மாத்திரம் நீருடன் வீழ்ந்துகொண்டிருக்கிறது.

அங்கே வண்டிகளை நிறுத்திவிட்டு, என் பழைய மாணவரை ஆசிரியராக்கி நானும் மகனும் மாணவர்களானோம்.

வண்டி யமஹா ஆர்-1. 998 ஸீ.ஸீ. எஞ்சின், சுமார் 200 குதிரைவலு. எண்ணெய் நிரப்பியும் எடை ஏறக்குறைய 200 கிலோகிராம்தான். அதாவது, ஒரு கிலோகிராமுக்கு ஒரு குதிரை! இவ்வளவு வலுவை மனிதக் கை ஒன்றே அடக்குவது கடினமாகையால் மின்னணுக் கருவிகள் துணைக்கு வந்தன. மோட்டார் சைக்கிளில் ஏ.பி.எஸ். என்னும் பிரேக் முறையை 1988இல் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் கொண்டுவந்தது. 2008இல் டுக்காட்டி நிறுவனம் பந்தயத்தில் பயன்பட்ட சறுக்கற் கட்டுப்பாட்டைத் தெருவில் ஓடும் வண்டியிற் பொருத்தியது. 2015இல் யமஹா தன் ஆர்-1 வண்டியில் ஆறு அச்சு உணரி ஒன்றை வைத்தது.

சக்கரத்தோடு பல்லுள்ள ஒரு வளையம் சுழல்கிறது. அதன் வேகத்தை ஓர் உணரி இடைவிடாது எண்ணுகிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு சக்கரம் மட்டும் திடீரென நிற்கப்போனால், அது சறுக்கப்போகிறது என்று கணினி அறிந்து, பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்தி மீண்டும் கொடுக்கிறது. ஒரு விநாடிக்குள் இது பலமுறை நடக்கும். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட விரைவாகச் சுழன்றால், எஞ்சினின் வலுவைக் குறைக்கிறது. ஆறு அச்சு உணரியோ, வண்டி எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு குனிகிறது, எவ்வளவு திரும்புகிறது என்பவற்றை அளந்து சொல்கிறது. கையால் முறுக்கும் அக்சிலறேற்றரில் எஞ்சினை நேரே திறக்கும் கம்பி இல்லை. கை கேட்கிறது, கணினி யோசித்துக் கொடுக்கிறது.

“அப்படியானால் ஓட்டுவது நீங்களா, அதுவா?” என்று மகன் கேட்டான்.

இக்கேள்விக்கு நண்பர் முந்திக்கொண்டு பதில் சொன்னார். “அதுதான், தம்பி! இவர் ஓட்டுவதில்லை, ஓட்டப்படுகிறார். என் வண்டி சறுக்கினால் முதலில் என் இடுப்புக்குத் தெரியும். இவருக்குத் திரையில் விளக்கு எரிந்தபிறகுதான் தெரியும்.”

உலகெங்கும் இந்த வழக்கு இருக்கிறது. 2007இலும் 2011இலும் உலகச் சம்பியனான கேஸி ஸ்டோனரே, மின்னணுக் கருவிகள் ஓட்டுநரின் திறமையை மறைக்கின்றன என்று குறைப்பட்டவர். 2016இல் மோட்டோ ஜீ.பி. பந்தயங்களில் எல்லா அணியினரும் ஒரே மென்பொருளையே பாவிக்கவேண்டுமென விதி செய்தார்கள்.

சொந்தக்காரர் கோபிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: “முதல் மாதம் இதற்குப் பயந்தேன், சேர். பிறகு நம்பினேன். நம்பியதிலிருந்து என் வேகம் கூடிவிட்டது. அதை நினைத்தால் இப்போது என்மேலேயே பயமாயிருக்கிறது.”

அன்று நான் கேட்ட சொற்களுள் மிகவும் நேர்மையானது இதுவே.

கூடைக்குப் போன கை

சென்கிளயர் நீர்வீழ்ச்சிக்கு எதிரே தேநீர் குடிக்க நின்றோம். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு இந்த அருவி முன்போல் எந்நேரமும் பெருகுவதில்லை. ஆயினும் அழகு குன்றவில்லை. எங்கள் வண்டிகள் வந்து நின்ற சத்தங் கேட்டு, கடையோரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவராம்.

“அந்தச் சத்தத்தக் கேட்டதும் என் கை தன்னால கூடைக்குப் போச்சுங்க, வாத்தியார் ஐயா,” என்றார். “அந்தக் காலத்துல சின்னத்துரை மோட்டார் சைக்கிள் அந்த முடக்குல திரும்புறப்பவே எங்களுக்குக் கேட்டுரும். பேச்சு நின்னுரும். பாட்டு நின்னுரும். கங்காணி ‘எடு, எடு’ன்னு சத்தம் போடுவாரு. பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தவகூட எந்திரிச்சுருவா.”

நீல வண்டியின் சொந்தக்காரர் தலைகுனிந்து நின்றார். “நான் துரை இல்லை, அம்மாச்சி. கொட்டகலைத் தோட்டத்துப் பிள்ளைதான், லயத்துப் பிள்ளை,” என்றார்.

மூதாட்டி அவரை மேலுங் கீழும் பார்த்தார். எழுந்து வந்து, வண்டியின் எண்ணெய்த் தாங்கியைத் தடவிப் பார்த்தார். “அப்படியா சாமி? அப்ப நல்லா சத்தம் போட்டே போ!” என்றார்.

எத்தனையோ நாள் வகுப்பிற் சொல்லியும் நான் விளக்கமுடியாத ஒரு சரித்திரத்தை என் மகன் அந்த இரண்டு நிமிடத்திற் கற்றுக்கொண்டான்.

பத்தொன்பது வருடத்திற்கு முந்திய ஒரு வளைவு

தலவாக்கலைக்குப் போகும் வழியில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்துமாறு கை காட்டினேன்.

2006இல், மழைத் தூறலில், என் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இவ்வளைவால் வந்தேன். எதிரே கொழுந்து லொறி ஒன்று தோன்றியது. பதறிப்போய், சாய்ந்திருந்த நிலையிலேயே முன்பிரேக்கை இறுகப் பிடித்தேன். முன்சக்கரம் பூட்டிக்கொண்டது. நான் கானுக்குள் விழுந்து சிராய்ப்புடன் தப்பினேன். அவளுக்குக் காறை எலும்பு முறிந்தது, முழங்காலும் கெட்டது. இன்றும் பனிக்காலத்தில் அவள் படியேறும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நிற்பாள். லொறிக்காரர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் தம் பக்கத்தில்தான் வந்தார். பிழை முழுவதும் என்னுடையது.

“நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன்,” என்று மாணவரிடம் சொன்னேன். “டயரின் பிடிப்பு ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் மாதிரி. வளைவிற் சாய்வதற்குச் செலவழித்தது போக மீதிதான் பிரேக்குக்கு. இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அன்றைக்குக் கை கேட்கவில்லை. உம்முடைய வண்டியிலுள்ள கருவி அன்று என் வண்டியில் இருந்திருந்தால், அவள் விழுந்திருக்கமாட்டாளா?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வளைவையும் பாதையையும் பார்த்தார். “சாய்வை அளந்து பிரேக்கைக் கொடுக்கும் கருவி இருந்திருந்தால் பெரும்பாலும் விழுந்திருக்கமாட்டீர்கள், சேர். சாதாரண ஏ.பி.எஸ். என்றால் நேர்ப்பாதையில் நிச்சயம் உதவும், வளைவில் ஓரளவுதான். பாதையில் எண்ணெய் சிந்தியிருந்தால் எதுவும் காப்பாற்றாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வளைவுக்குள் வருவதற்கு முன்னே வேகத்தைக் குறைத்திருந்தால் ஒரு கருவியும் தேவைப்பட்டிராது.”

மாணவர் ஆசிரியரைத் திருத்தும்போது ஆசிரியருக்கு வரும் மகிழ்ச்சியும் துயரமும் ஒருங்கே என்னை வந்தடைந்தன. மகன் ஒன்றும் பேசாமல் அந்தக் கானைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாயின் முழங்காலின் கதை அவனுக்குத் தெரியும். இடத்தை அன்றுதான் கண்டான்.

அந்த ஒன்றை மாத்திரம்

தலவாக்கலையில் பெற்றோல் நிரப்ப நின்றபோது, தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். என்னை அறிந்தவர். வண்டியைப் பார்த்தார். “சேர், இவ்வளவு பெரிய வண்டியில் ஒரு பை கொளுவ இடமில்லையே!” என்றார். எல்லோரும் சிரித்தோம். மாணவர் ஏ.பி.எஸ். பற்றி விளக்கியதும் அவர் முகம் மாறியது. தினந்தோறும் தம் சிறுமகளை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு, கொங்கிறீற்றும் கல்லும் மண்ணுமான தோட்டப்பாதையில் இறங்குகிறவர் அவர்.

“மற்றதெல்லாம் உங்களுக்கே இருக்கட்டும், தம்பி. அந்த ஒன்றை மாத்திரம் கழற்றி என் ஸ்கூட்டரில் பூட்டித் தரமுடியுமா?” என்று கேட்டார்.

சிரிப்புக்காகக் கேட்கப்பட்ட கேள்வியன்று அது.

2022ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரம் 4 லீற்றர்தான். அந்த நாலு லீற்றரில் இந்த ஆசிரியை வாரம் முழுவதும் பாடசாலைக்குச் சென்று வந்தார். இந்த நீல வண்டிக்கோ, ஹட்டனிலிருந்து நுவரெலியா போய்த் திரும்பவும் அது காணாது. ஆயினும், யானைக்கென்று செய்த அங்குசம் போல் பெரிய வண்டிக்கென்று பிறந்த கருவிகள் சிறிய வண்டிகளை நோக்கி மெல்ல இறங்கி வருகின்றன. இந்தியாவில் 125 ஸீ.ஸீ.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் யாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டு ஓசூரைச் சேர்ந்த டி.வி.எஸ். நிறுவனம் 2023இல் வெளியிட்ட அப்பாச்சி 310 வண்டியிலே, வளைவிற் சாய்வை அறிந்து பிரேக் பிடிக்கும் வசதியும் வந்துவிட்டது. ஆர்-1இல் எட்டு வருடத்துக்கு முன் அதிசயமாயிருந்த ஆறு அச்சு உணரி, அதன் மூன்றிலொரு பங்கு எஞ்சினுள்ள வண்டிக்கு இறங்கிவிட்டது. ஸ்கூட்டருக்கும் லயத்துக்கும் இறங்கி வரவேண்டும், அதுவே பாக்கி.

உயரம் ஏற ஏற

லிந்துலையைக் கடந்து நானுஓயாவை நோக்கி ஏறினோம். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தால் எஞ்சினின் வலுவும் குறையும். 200 குதிரைகளில் நாற்பது குதிரை மலையடிவாரத்திலேயே நின்றுவிட்டன என்று சொல்லலாம்! நீல வண்டி காற்றை உணரியால் அளந்து எண்ணெயைக் குறைத்துக்கொண்டது. என் காபரேற்றர் வண்டியும் நண்பருடையதும் அதை அறியாமல் அதிக எண்ணெய் குடித்து, கறுப்புப் புகை கக்கி, இருமிக்கொண்டு ஏறின. “இந்த ஒரு விஷயத்தில் கணினிக்கே வெற்றி” என்று நண்பரும் ஒப்புக்கொண்டார்.

ரதல்லைக் குறுக்கு வீதி பிரியும் இடத்தில் நாங்கள் யாரும் பேசவில்லை. 2023 ஜனவரியில் அந்த இறக்கத்தில் ஒரு பஸ், வேன் ஒன்றுடனும் முச்சக்கர வண்டி ஒன்றுடனும் மோதி 7 உயிர்கள் போயின. நாங்கள் சென்று வந்த அடுத்த மாதமே, கொத்மலை கெரண்டிஎல்லையில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வருட நவம்பர் இறுதியில் டித்வா புயல் இம்மலைகளையே பல இடங்களிற் சரித்துவிட்டது. நான் வருணிக்கும் பாதை அதற்கு முந்தியது. இம்மலையில் வண்டி ஓட்டுகிறவன் எவ்வளவு உயர்ந்த கருவியை வைத்திருந்தாலும், மலைக்கு முன்னால் கைகூப்பத்தான் வேண்டும்.

நுவரெலியாவில் கிறகறி வாவிக் கரையெங்கும் சனக்கூட்டம். 1873இல் ஆளுநர் கிறகறி காலத்தில் அமைந்த அந்த வாவியின் குளிர்காற்றில் சோளம் சுடும் மணம் மிதந்தது. நகருக்கு அருகே மஹகஸ்தொட்ட தேயிலைத் தோட்டத்துப் பாதையைப் பார்க்கச் சென்றோம். 1934இல் தொடங்கிய மலையேற்றப் பந்தயத்தின் பாதை அது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, கடிகாரத்தை எதிர்த்து ஏறும் போட்டி. அன்று அந்த வளைவில் பச்சைக் கொழுந்தும் பனியுந்தான் இருந்தன. ஆனாலும், பாதை அடைக்கப்பட்டு, எதிரே கொழுந்து லொறியோ பிள்ளைகளோ வராத இடமே வேகத்துக்கு உரிய இடம் என்பதை மகனுக்குச் சொல்ல அதைவிட நல்ல வகுப்பறை எனக்குக் கிடைத்திராது.

வீட்டு வாசலில்

மாலையில் வீடு திரும்பினோம். மகன் வண்டி கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் தாயிடம்தான் பேசினான். வளைவைப் பார்த்ததைச் சொன்னான். அன்றிரவு அவள் என்னிடம், “வேண்டாம் என்று எத்தனை நாளைக்குச் சொல்லப்போகிறீர்கள்? நாளைக்கு யாரோ ஒருவனுடைய வண்டியில் களவாக ஓடுவான். படிப்பிக்கிறவர்தானே நீங்கள்; படிப்பியுங்கள்,” என்றாள்.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியதால் வண்டிகளின் விலை இன்னும் இறங்கியிருக்கவில்லை. ஏ.பி.எஸ். இல்லாத வண்டி கைக்கெட்டிய விலையில் இருந்தது. முன்சக்கரத்துக்கு ஏ.பி.எஸ். உள்ள 150 ஸீ.ஸீ. வண்டி, பழையதாயிருந்தும், அதைவிட விலை கூட. கடனை இன்னும் ஆறு மாதம் நீட்டி இரண்டாவதையே வாங்கினேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், விடுமுறை நாட்காலைகளில், மகனுக்கு நான் முதலிற் கற்பித்தது ஓடுவதையன்று, நிற்பதை. ஈர நிலத்தில் நேராக வந்து, பிரேக்கை இறுக்கி, கைப்பிடியில் அந்தக் கருவி துடிப்பதை உணரச் செய்தேன். பின்பு அதையே என் பழைய வண்டியில், மெதுவாக, கருவியின் உதவியின்றிச் செய்யச் சொன்னேன். இரண்டும் தெரிந்தபிறகுதான் வீதிக்கு விட்டேன். கராச்சு முதியவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “அது பிரேக்கைப் பிடிக்கும், தம்பி. வேகத்தை நீதான் பிடிக்கணும்,” என்று ஒரே வாக்கியத்தில் என் பாடத்தை முடித்துவிட்டார்.

கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோன அன்று என் மனைவியும் வந்தாள். குருக்கள் நீட்டிய எலுமிச்சம்பழத்தைத் தானே வாங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, முன்சக்கரத்தின் கீழே வைத்தாள். மகன் வண்டியை நகர்த்துமுன் அவள் எழுந்து விலகும்வரை பொறுத்திருந்தான். இருபுறமும் ஒருமுறை பார்த்தான். அதன் பின்னரே கிளச்சை விட்டான்.

அவ்வளவு பொறுமை அவனுக்கு இருக்கிறது என்று கண்டபோது என் நெஞ்சிலிருந்த பாரத்திற் பாதி இறங்கிற்று. மீதிப் பாதி, பிள்ளை பெற்ற எவர் நெஞ்சிலும் இருந்தே தீரும்.